காம்பராவும் ஏகாந்தமும்

மனச்சஞ்சலத்துக்கு மருந்து தேடுகிறவர்கள் நுவரெலியாவுக்கு ஏறி வருவது புதிய வழக்கமன்று. ஆளுநர் எட்வேர்ட் பான்ஸ் தம் ஓய்வுக்காக அங்கே கட்டுவித்த மாளிகை பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையோ உல்லாச விடுதியாகவே உருமாறிவிட்டது. மூடுபனி, குளிர், பேச்சுக்குரல் எட்டாத ஜன்னல் ஆகியவற்றைக் காசு கொடுத்து அனுபவிக்கும் பாக்கியம் வாய்ந்தவர்கள், ஏகாந்தத்தால் தங்கள் சித்தம் தெளிந்தது என்று சொன்னால் நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மலைச்சரிவில், தகரக் கூரைகளின் கீழ், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஜனங்களுக்கு ஒரு நாளில் கால்மணி நேரமேனும் தனித்திருக்க வாய்க்கிறதா என்று கேளாமல் தனிமையின் மகிமையைப் பேசுவது, ஒரு கட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதுவதாகும்.

தனித்திருத்தலால் பிரயோஜனம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 2018 இல் நுயென், ரயன், டேசி என்னும் உளவியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு, பதினைந்து நிமிஷம் சும்மா தனியே அமர்ந்திருந்தவர்களிடம் மனக்கொந்தளிப்புத் தணிந்ததைக் காட்டிற்று. கோபமும் பதற்றமும் தாழ்ந்தபோது உற்சாகமும் கூடவே தாழ்ந்தது என்பதையும் அது காட்டிற்று. ஏகாந்தத்தைத் துதிபாடுகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொன்னால் நன்றாயிருக்கும். தாமே விரும்பித் தனித்திருப்பதற்கு இந்தத் தணிவில் பெரும்பங்கு உண்டு என்பதும் அவ்வாய்வாளர்கள் கண்ட முடிபு. இதனினும் ஆழமானது, டொனால்ட் வினிகொட் என்ற ஆங்கில மருத்துவர் 1958 இல் எழுதிய ஒரு கட்டுரை. தாய் அருகிலேயே இருக்க, அவளுடைய குறுக்கீடு இல்லாமல் குழந்தை தன்பாட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேதான் மனிதனுக்குத் தனித்திருக்கும் ஆற்றல் முளைக்கிறது என்பது அவர் துணிபு. அப்படியானால் சித்தசாந்திக்கு வேண்டுவது மனிதர் இல்லாத வெளியா, ஏவல் இல்லாத வேளையா? பின்னதே என்பது என் அபிப்பிராயம். அதற்குத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்தைவிட நல்ல சாட்சி வேறில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, இவ்வளவே பழைய லயத்து வீடு. கோப்பிக் காலத்தில், பெரும்பாலும் ஆண்களாக வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய கூட்டத்துக்கென்று வகுத்த இந்த அமைப்பு, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டு, ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் மலையிலேயே நிலைத்த பின்னரும் அதிகம் மாறவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமானால் மூன்று பக்கமும் அயலார் சுவர்; அடுத்த காம்பராக் குழந்தையின் இருமலும் அதற்கடுத்த வீட்டுச் சச்சரவும் யாரையும் கேளாமல் உள்ளே வந்துவிடும். தாத்தா, மகன், மருமகள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண், கைக்குழந்தை என மூன்று தலைமுறை அதற்குள் உண்டு, உறங்கி, பிணங்கி, சமாதானமாக வேண்டும். அங்கே குடியிருக்கும் ஒருத்தியிடம் போய், தினமும் சற்று நேரம் தனியே அமர்ந்து மனத்தை ஒருநிலைப்படுத்தம்மா என்று உபதேசிப்பவருக்கு அவள் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

ஆயினும் அவளும் தனக்கென ஒரு வேளையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். விடிவதற்கு வெகுமுன், மற்றவர்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கையில், கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவந்த மிலார் அடுப்பில் படபடவென்று பற்றிக்கொள்ள, ரொட்டிக்கு மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு, சாயத்தண்ணிக் கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி அவள் குந்தியிருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் அவளை அம்மா என்றோ இவளே என்றோ எவரும் கூப்பிடுவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நாலைந்து பேர் மூச்சு விடுகிறார்கள், அவள் தனித்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும் வாளியின் சத்தம் வெளியே கேட்டதும் அது முடிந்துவிடும். பிறகு பிள்ளை, பிரட்டு, கூடை, கங்காணி.

மலையில் நிற்பவளைச் சாலையிலிருந்து படம் பிடிக்கிறவர்கள், பச்சைப் பரப்பின் நடுவே அவள் ஏதோ மோன நிலையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். நிறுவையில் 18 கிலோ விழாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற கணக்கு பல தோட்டங்களில் தலைக்குமேல் நிற்க, அட்டைக் கடியோடு நிரை பிடித்துப் போகிறவளுக்கு மோனம் எங்கிருந்து வரும்? கை பழகிய வேலையில் மனம் விலகி உலாவுவதுண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அடுத்த அதட்டல் வரையில்தான் அந்த உலா.

தனிமையின் மறுபக்கத்துக்கு வருவோம். இதே மலைகளில் ஏகாந்தம் தாராளமாகக் கிடைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பங்களாவில் இருந்த தோட்ட நிர்வாகியான துரை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத இராத்திரிகளும், மழை மாதங்களும், பக்கத்துத் தோட்டத்துக் கிளப்புக்குப் போகும் சனிக்கிழமையை எதிர்நோக்கும் தவிப்பும் அவருக்குச் சித்தசாந்தியைத் தந்துவிடவில்லை. தாமாகத் தேடாத தனிமை எவ்வளவு கசக்கும் என்பதற்கு, திமொதி வில்சனும் சகாக்களும் 2014 இல் வெளியிட்ட பரிசோதனை வேடிக்கையும் வேதனையும் கலந்த ஆதாரம்: வேறெதுவும் செய்ய இல்லாமல் கால்மணி நேரம் அறையில் விடப்பட்ட ஆண்கள் 18 பேரில் 12 பேர், சும்மா இருப்பதைவிட மேலென்று, தங்கள் உடம்பில் தாங்களே மின்சார அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள்.

துக்கத்தில் அமிழ்ந்தவர் விஷயமோ இன்னும் பாரதூரமானது. 1995 இல் இலங்கையில் நூறாயிரம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. கொடிய விவசாய நஞ்சுகளின் இறக்குமதி படிப்படியாகத் தடுக்கப்பட்ட பின்னரே அந்த எண் பெரிதும் இறங்கிற்று. மனமுடைந்தவரைத் தனியே விடாதிருப்பது அப்படிப்பட்ட தேசத்தில் சாமானிய விவேகம். அந்த விவேகம் லயத்தில் சுவரின் மெலிவிலேயே அமைந்திருக்கிறது. ஒரு முனகல் கேட்டால் கதவு தட்டப்படும். சாவு வீட்டில் அடுப்பெரியாவிட்டால் பக்கத்துக் காம்பராவிலிருந்து சோறு வரும். அதே சுவர்தான், சற்று நேரம் வாய்பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்த இளம்பெண்ணை, யாரோடு என்ன கோபம், காற்றுக் கறுப்பு அடித்துவிட்டதா என்று துளைத்தெடுக்கவும் வழி செய்கிறது. கொழும்புக் கடைகளுக்கும் அரபு நாட்டு வீடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காம்பராவில் தனியே மிஞ்சிய கிழவிக்கோ, அந்தத் துளைத்தெடுப்புக்கூட வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஆள் மருந்தே நஞ்சாகிறது என்பதை ஆலோசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

சிந்திப்பதற்கும் எழுதுவதற்கும் பெண்ணுக்குத் தனியறை வேண்டுமென்று வர்ஜீனியா வுல்ஃப் 1929 இல் வாதிட்டார். அவர் கணவர் லெனார்ட், 1907 இலும் 1908 இலும் கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் என்பது யதேச்சையான விஷயம். ஆயினும் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் அந்த வாதம் இன்றுவரை ஒரு வீடமைப்புப் பிரச்சினையாகவே நிற்கிறது. இந்திய உதவியில் மலைநாட்டில் கட்டத் தொடங்கிய 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் பிரதமர் மோடி கூடுதலாக அறிவித்த 10,000 வீடுகளும் ஏழு பேர்ச் காணியில் அமையும் தனி வீடுகள்; அவற்றில் சாத்தக்கூடிய கதவுகளோடு தனி அறைகள் உண்டு. படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வரம் என்பதில் ஐயமில்லை. பெண்ணுக்கு அப்படியே ஆகுமென்று நான் உறுதி கூறமாட்டேன்; அறை அதிகரித்தால் பெருக்குவதும் அதிகரிக்கும், ஏவல் அப்படியே இருக்கும்.

வீட்டை விட்டுச் சற்று ஒதுங்க ஆண்களுக்குச் சந்தியும் கோயில் திண்ணையும் பந்து விளையாடும் மைதானமும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையைத் துணி தோய்ப்பதிலும் விறகு சேர்ப்பதிலும் கழிப்பவளுக்கு அவை இல்லை. கொழுந்து நிறுவை குறையாதிருக்கும் பொருட்டு வேலைநாளில் பிள்ளைக்காம்பராவைத் திறந்துவைத்து ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்கும் நிர்வாகம், ஞாயிறு முற்பகலிலும் அதைத் திறந்துவைத்தால் என்ன செலவாகும் என்று தொழிற்சங்கங்கள் ஒருமுறை கணக்குப் பார்த்துக் கேட்கலாம்; அந்த முற்பகலில் விறகுக்கு யார் போவது என்பதை வீட்டு ஆண்கள் கேட்டுக்கொள்ளலாம்.