ஒன்றரை மில்லிகிராம்

இயற்கை என்கிற புத்தகம் கணிதத்தின் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று 1623இல் கலிலியோ சொன்னதை இன்றும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். இருக்கட்டும். அதை நமக்கு வாசித்துக் காட்டுவது யார், எந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வாசிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. தர்மபுரி மாவட்டத்தின் குடிதண்ணீரை வைத்தே பேசலாம்.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பாறைக்குள் இறங்கும் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஃபுளோரைடு கரைந்து வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை. 'தண்ணி நல்லாத்தானே இருக்கு' என்றுதான் யாரும் சொல்வார்கள். பல் பழுப்பேறி, முட்டி மடங்காமல் போன பிறகுதான் தெரியும். அரசிடம் ஒரு எண் உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. 1.6 வந்தால் பாதிக்கப்பட்ட ஊர், 1.4 வந்தால் தப்பித்த ஊர்.

இந்த எண் அளப்பது தண்ணீரை. உடம்புக்குள் போவதை அறிய, குடிக்கிற லிட்டரால் பெருக்கியாக வேண்டும். சுகாதாரக் கணக்குகளில் பொதுவாக ஆளுக்கு 2 லிட்டர். சித்திரை வெயிலில் தக்காளித் தோட்டத்தில் நிற்கிற பெண் 5 லிட்டர் குடிக்கிறாள் என்று வையுங்கள். 'அனுமதிக்கப்பட்ட' 1.5, அவளுக்கு 7.5 மில்லிகிராம். நாளொன்றுக்கு மொத்தம் 6 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்புக்கு ஆபத்து கூடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2002இலேயே சொல்லியாயிற்று. இதில் களி சேரவில்லை. கொதித்தால் ஃபுளோரைடு போய்விடாது. கிண்டிய தண்ணீரோடு உருண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். மின்விசிறிக்குக் கீழே கோப்பு பார்க்கிறவருக்கும் அதே 1.5தான்.

கணிதத்துக்கு வெயில் தெரியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். 1957இல் கலகன், வெர்மில்லியன் இருவரும் கலிபோர்னியாக் குழந்தைகள் குடித்த தண்ணீரை அளந்து, வெப்பம் கூடக்கூட ஃபுளோரைடு எவ்வளவு குறைய வேண்டும் என்று சூத்திரமே போட்டார்கள். 1962இல் அமெரிக்கா குளிர் ஊருக்கு 1.2, சூட்டு ஊருக்கு 0.7 என்று உகந்த அளவைப் பிரித்து வைத்தது. அது பல்லுக்காகச் சேர்க்கிற அளவு, நம்முடையது பொறுத்துக்கொள்ளும் வரம்பு, இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் வெயிலைக் கணக்குக்குள் கொண்டுவர முடியும் என்பது தெரிந்துபோனது. உலக சுகாதார நிறுவனமும் 1.5ஐ அப்படியே எடுக்காமல் தட்பவெப்பத்தையும் குடிக்கும் அளவையும் பார்க்கச் சொல்கிறது. இங்கே எண் வந்தது, அடிக்குறிப்பு வரவில்லை.

2013இல் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. வரவேற்க வேண்டியதுதான். குழாயில் காவிரி வராத நாளில் ஆழ்குழாய்க்குத்தானே போக வேண்டும்? அந்த நாள்களை எந்தச் சராசரியில் சேர்ப்பது?

நம் தோழர்கள் சிலர் எண் என்றாலே அதிகாரத்தின் சொல்லாடல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேலே போட்டது பள்ளிக்கூடப் பெருக்கல். மனு கொடுக்கப் போகும்போது எந்த மாதம், என்ன வேலை, எவ்வளவு தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போகலாம். காட்டு வேலையில் யாரும் லிட்டரில் குடிப்பதில்லை, சொம்பில்தான். ஒரு சொம்பு எத்தனை மில்லி என்று அளப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.