தோட்டமா, பாக்கியமா?

ஹைதராபாத்தின் கிழக்கே, மூசி ஆற்றை ஒட்டிய உப்பலில் 'உப்பல் பாகாயத்' என்றொரு பகுதி உண்டு. வருவாய்த்துறைப் பேச்சில் பாகாயத் என்றால் தோட்டக்கால் நிலம். 'பாக்' என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் 'பி'க்குப் பின்னால் ஓர் 'எச்' ஒட்டிக்கொள்கிறது, தோட்டம் பாக்கியமாகிவிடுகிறது. ஹைதராபாத்தைப் 'பாக்யநகர்' ஆக்கவேண்டும் என்ற கோரிக்கையை எடைபோட வசதியான இடம்தான்.

2020 மாநகராட்சித் தேர்தலில் யோகி ஆதித்யநாத் எழுப்பிய இக்கோரிக்கை, பழைய பெயரின் மீட்பு என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. சான்றுகள் முற்றிலும் எதிரானவை அல்ல. 1591இல் நகரை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா, தன் காதலி பாக்மதியின் பெயரை முதலில் சூட்டினான் என்கிறார் வரலாற்றாசிரியர் ஃபரிஷ்தா. பின்னர் வந்த பிரெஞ்சுப் பயணி தாவெர்னியே, அதே பெயரைத் தோட்டத்தோடு சேர்த்து விளக்குகிறார். பாக்மதி கட்டுக்கதை என்றார் வரலாற்றாசிரியர் ஷெர்வானி; கட்டுக்கதை இல்லை என்று வாதிட்டார் நரேந்திர லூதர். வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. ஆனால் பெயரை ஹைதராபாத் என்று மாற்றியவனும் அதே மன்னன்தான் என்று ஃபரிஷ்தாவே எழுதுகிறார். கோரிக்கையாளர்களின் முதன்மைச் சாட்சி அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. தவிர, அவர் கதையில் வருவது ஒரு பெண்ணின் பெயர், பாக்கியம் அல்ல.

காலனியப் பெயரை நீக்குகிறோம் என்ற கணக்கும் இங்கே செல்லாது. நிஜாம் நாட்டின் தலைநகருக்குப் பிரிட்டிஷார் பெயர் வைக்கவில்லை. அவர்களுடைய படைமுகாம் வளர்ந்த செகந்தராபாதே 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைத்தான் பெற்றது. மீட்பு எது, எது அல்ல என்பதற்கு ஒப்பீடாக, 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தில் இருந்த இரண்டு ஊர்கள் 2023இல் பெயர் மாறின. உஸ்மானாபாத் 'தாராசிவ்' ஆனதில் மீட்பு உண்டு. அருகிலுள்ள குகைகள் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. அவுரங்காபாத் 'சத்ரபதி சம்பாஜிநகர்' ஆனது வெறும் நினைவேந்தல். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையியல் பிழை.

நம் கணக்கும் சுத்தமில்லை. 1996இல் மெட்ராஸ் 'சென்னை' ஆனபோது அது தமிழ்ப்பெயர் என்று பெருமைப்பட்டோம். அதன் மூலமாகப் பெரும்பாலோர் சொல்லும் சென்னப்ப நாயக்கர் தெலுங்குப் பாளையக்காரர். சொற்பிறப்பில் தோற்ற பெயர் வழக்கில் வென்றது. தமிழர் நாவில் அரசாணைக்கு முன்பே சென்னை இருந்தது. அதனால் தேறுகிறது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணக்கிய தமிழக அரசாணையின் நோக்கம் செம்மையானது; செயலாக்கம் அலங்கோலம். கோயம்புத்தூருக்கு 14 ஆங்கில எழுத்துகள். வேலூரோ படிப்பவர் வாயில் 'வீலூர்' ஆனது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. மொழியியலாளரின் கைபட்ட பட்டியல் என்று நம்பச் சிரமமாக இருக்கிறது.

பாக்யநகரத்துக்கும் இந்த வழக்காற்று அளவுகோலையே வைப்போம். தெலுங்கில் அது உயிருள்ள அடைபெயர். அவ்வகையில் மறுக்கக் காரணமில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் ஹைதராபாத்தை அது இடம்பெயர்க்கவில்லை. உப்பலின் கிரிக்கெட் மைதானத்துக்கு முதலில் ஒரு நிறுவனத்தின் பெயர், பிறகு ராஜீவ் காந்தியின் பெயர். ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அது உப்பல் ஸ்டேடியம்தான்.