பிஞ்சுக்கையும் நாலாம் பகுதியும்

அரசியல் சாசனத்தை ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகள். மீறினால் கோர்ட்டுக்குப் போகலாம். நாலாம் பகுதி அரசுக்கான வழிகாட்டு நெறிகள்; கோர்ட் மூலம் அமுல்படுத்த முடியாதென்று 37ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. கோவில்பட்டிக் கரிசக்காட்டிலிருந்து வாசித்தால் இந்தப் பாகப்பிரிவினை நமக்குச் சாதகமாயில்லை.

பதினாலு வயசுக்குக் கீழே யாரையும் தொழிற்சாலையில் வைக்கக்கூடாது என்பது 24ஆவது பிரிவு. இது உரிமை. அதே பிள்ளைக்குப் பத்து வருசத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலவேண்டும் என்றது அன்றைய 45ஆவது பிரிவு. இது வெறும் நெறி. கெடு 1960-ல் முடிந்தது. வேலைக்குப் போகாதேங்கிறது உரிமை, பள்ளிக்கூடம் வாங்கிறது ஆசை. நடுவுல பிள்ளை எங்க நிக்கும்? எங்க ஊர்ல விடியுமுன்னே தீப்பெட்டியாபீஸ் பஸ்ஸுக்கு நின்னுச்சு.

நானும் நின்னேன். மானாவாரிக் காடு, அதுவும் ஊராருது. மழ பொய்ச்சா அய்யாவுக்குக் கூலி கெடையாது. "சின்னக்கைதாம்டே கட்ட வெரசா அடுக்கும்"பார் கணக்குப்பிள்ளை. பாராட்டுன்னு நெனச்சு இன்னும் வேகமா அடுக்குவேன்.

அந்தப் பேச்சைப் பிறகு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலும் பார்த்தேன். சிவகாசித் தீப்பெட்டிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கு, 1990. உற்பத்தியில் பிள்ளைகள் கூடாது என்றது கோர்ட். ஆனால் உற்பத்தி நடக்கிற இடத்தைவிட்டுத் தள்ளி, தரம்பிரித்துக் கட்டும் வேலைக்கு இளங்கைகள் பொருத்தமானவையாம். பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்கவேண்டுமாம். 45ஆவது பிரிவை எடுத்துக்காட்டிவிட்டுத்தான் இப்படி!

1996 தீர்ப்பு பரவாயில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். வீட்டில் பெரியவர் ஒருத்தருக்கு வேலை, இல்லாவிட்டால் அரசு 5,000 போடணும். பெத்தவனுக்குக் கூலியில்லாமல் பிள்ளையின் உரிமை நிற்காது என்று கோர்ட்டுக்கும் புரிந்திருக்கிறது.

அம்பேத்கருக்கு இது முன்பே தெரியும். 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது, விவசாயத்தை அரசுத் தொழிலாக்கி, சாதிபேதமில்லாமல் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதை அடிப்படை உரிமைகளோடேயே சேர்த்து வைத்தார். சாசனத்தில் அது இல்லை. தீண்டாமை ஒழிப்பு 17ஆவது பிரிவாக மூன்றாம் பகுதிக்குப் போனது. தாழ்த்தப்பட்டோரின் பொருளாதார நலன் 46ஆவது பிரிவாக நாலாம் பகுதியில் தங்கிவிட்டது. தனிக் கிளாஸ் வச்சா கேஸ் போடலாம். காடு இல்லேன்னா யார்மேல போட?

2002-ல் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயசுவரை கல்வியை மூன்றாம் பகுதிக்குக் கொண்டுவந்தது. வாழ்வதற்கேற்ற கூலி பற்றிய 43ஆவது பிரிவு இன்னும் நாலாம் பகுதியில்தான் கிடக்கிறது.