பழுப்பு வயர் போய்ச் சேரும் இடம்

மொரிஸ் மைனரின் 1098 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, டவுன்ஏஸ் வேனின் 7கே-இ எஞ்சினை ஏற்றினால் இழுவை எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இறக்குவானைக்கு மேலுள்ள கொண்டை ஊசி வளைவுகளில் என் கார் மூச்சு வாங்காமல் ஏறுகிறது. என் கவலை எல்லாம் அந்த எஞ்சினோடு வந்த வயரிங்தான்.

வெயிலில் குறையே தெரியவில்லை. மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டால் ஐட்லிங் ஏறி இறங்கும். சைலன்சரில் கறுப்புப் புகை, மூக்கைத் துளைக்கும் பெற்றோல் வாடை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில் இப்படியொரு காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டொயோட்டா வயரிங்கில் பழுப்பு என்றால் எர்த். மைனரின் லூக்காஸ் வயரிங்கில் அதே பழுப்பு, பற்றரியிலிருந்து நேரே வரும் கரண்ட். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ பிழைக்காது. என் காரில் வயரிங் செய்தவர்கள் அதில் கவனமாகவே இருந்தார்கள். ஆனால் டொயோட்டாவின் பழுப்பு எல்லாம் ஒன்றுதானே என்று, சென்சார்களின் பழுப்பு வயரையும் சேர்த்துப் பொடியில் ஒரே போல்ட்டில் இறுக்கிவிட்டார்கள். சென்சாரின் எர்த் ஈசியூவுக்கே திரும்பிப் போகவேண்டும். தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சார் 80 பாகையில் 1 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் காட்டும். ஹெட்லைட் கரண்ட் துருவேறிய பொடி வழியாக ஒல்டர்னேற்றருக்குத் திரும்பும்போது அதில் அரை வோல்ட் கூடிவிட்டால் போதும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பி ஈசியூ பெற்றோலைக் கொட்டும். அந்த வயரைப் பிரித்து ஈசியூவின் ஈ2 முனைக்குக் கொண்டுபோய், எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவே தடித்த எர்த் பட்டியும் போட்டபின் அடைமழையிலும் ஐட்லிங் அசையவில்லை.

மன்னிக்கவே முடியாத பழக்கம் ஒன்று உண்டு: பெற்றோல் பம்பை சாவி வயரில் நேரே கொடுப்பது. எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவதற்குத்தான் டொயோட்டா ஒரு ரிலே வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டால், தோட்ட ரோட்டில் கார் கவிழ்ந்து பைப் அறுந்தாலும் பம்ப் பெற்றோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்களின் உயிர் அந்தச் சிறு ரிலேயில் இருக்கிறது.

பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்குகிறவர்கள் ஈசியூ, ரிலே பெட்டி, பிளக் வெட்டாத முழு ஹார்னஸ் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஹார்னஸ் மலிவுதான். ஆனால் மங்கிய வயர்களை மீற்றர் வைத்துத் தேடும் கூலி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

மைனரின் சொந்த வயரிங்கைப் பிடுங்கி எறிய நான் விடவில்லை. லைட்டும் ஹோர்னும் இன்னும் அதிலேயே ஓடுகின்றன. எஞ்சினுக்குத் தனி பியூஸ் பெட்டி. பற்றரியின் நேர்முனையைப் பொடியில் கொடுத்து வந்த கார் என்பதால், அதை எதிர்முனைக்கு மாற்றுவது மட்டும் தவிர்க்க முடியாதது. மைனருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது. அந்தக் காருக்கு இந்த மரியாதையாவது வேண்டும்.

தீராதது வேக சிக்னல். மைனரின் ஸ்பீடோமீற்றர் கேபிளில் ஓடுவது, ஈசியூவுக்கு அதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இறக்கம் முடிந்து காரை நிறுத்தும்போது ஐட்லிங் ஒரு கணம் தாழ்கிறது. கேபிளில் கோர்க்கும் சென்சார் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.