கோல்கள் சந்திக்கும் இடம்: இருவருக்கான ஊடாட்டக் கலை குறித்து

பார்வையாளரின் உடலசைவால் நிறைவுபெறும் கலைப்படைப்பை ஊடாட்டக் கலை என்கின்றோம். இவ்வகைப் படைப்புகளுள் பல ஒரு மனிதரை எண்ணியே வரையப்பட்டவை. ஒருவர் கையை உயர்த்துவார், திரை ஒளிரும், அருகில் நிற்பவர் வேடிக்கை பார்ப்பார். முனைவர் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் தங்கியிருந்த காலத்தில் கலைக்கூடங்களில் இத்தகைய படைப்புகளின் முன் நான் நின்றதுண்டு. பெரும்பாலும் என் முறை வரட்டும் என்று வரிசையில்தான் நின்றேன். இருவருக்கென்றே ஒரு படைப்பை வடிவமைப்பது முற்றிலும் வேறு சிக்கல். அதனைக் கெடாத் தோட்டப்புறங்களில் ஆடப்பெற்ற கோலாட்டத்தோடு வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவது இதன் நோக்கமன்று.

இத்துறையின் முன்னோடி அமெரிக்கரான மைரன் குரூகர். 1970இல் அவரும் அவர்தம் நண்பரும் வெவ்வேறு இடங்களில் இருந்தவாறு ஒரே காணொளித் திரையில் பணியாற்றினர். குரூகரது கையின் நிழலுரு நண்பரது கையின் நிழலுருவின்மீது பட்டதும் நண்பர் தம் கையை விலக்கிக்கொண்டார். தொட்டது வெறும் பிம்பம், கூசியதோ உடல். இந்நிகழ்ச்சியிலிருந்து கிளைத்ததே எழுபதுகளில் உருவான ‘வீடியோபிளேஸ்’. ஆயினும் அப்படைப்பின் பெயர்பெற்ற பகுதியாகிய ‘கிரிட்டர்’, திரையில் தோன்றும் ஒரு சிற்றுயிர் தனிமனிதரோடு விளையாடுவதாகும். இருவரிடையே பிறந்த கண்டுபிடிப்பு மனிதனும் பொறியும் ஆடும் ஆட்டமாகச் சுருங்கியது என்பது என் கருத்து.

ஸ்காட் ஸ்னிப்பி 1998இல் அமைத்த ‘பவுண்டரி பங்ஷன்ஸ்’ இவ்வகையில் நேர்மையானது. தரையில் ஒருவர் மட்டும் நின்றால் ஒன்றும் நிகழாது. இரண்டாமவர் ஏறியதும் இருவருக்கும் நடுவே ஓர் ஒளிக்கோடு விழும். நகர்ந்தால் கோடும் நகரும். எவராலும் அதனைக் கடக்க இயலாது. மற்றவர் இன்றிப் படைப்பே இல்லை என்னும் விதியை இத்துணைத் தெளிவாக உரைத்த படைப்பு அரிது. எனினும், அக்கோடு இருவரையும் பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றது. ஒருவர் மற்றவர்க்காக எதையும் செய்யவேண்டிய தேவை அங்கு எழுவதில்லை.

கோலாட்டத்தில் அத்தேவை ஒவ்வோர் அடியிலும் எழுகின்றது. தன் இரு கோல்களைத் தானே தட்டிக்கொள்வது எளிது. அடுத்த அடியை எதிரில் நிற்பவரின் கோல் வந்து ஏற்றாக வேண்டும். அவர் தாமதித்தால் கோல் காற்றை வெட்டும். விரைந்தால் ஓசை மழுங்கும். பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாக் காலத்தில், லயத்து வாசலில் என் பாட்டி எனக்கு இதைக் கற்பித்தபோது ஒருமுறையேனும் ‘தப்பு’ என்று வாய்திறந்து சொன்னதில்லை. நான் பிந்தினால் அவர் பிந்துவார். நான் தேறியதும் சற்றே விரைவார். உயரம் குன்றிய என் கோலுக்காக அவர் கோல் தாழ்ந்து வரும். இப்படித் தாழ்ந்து கொடுப்பதே இக்கலையின் நுட்பம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். அந்நுட்பம் பாட்டியின் உடலில் மட்டும் இருந்ததன்று, என் உடலில் மட்டும் இருந்ததுமன்று. ஆகவே ஒற்றை உடலின் அசைவைப் பதியும் கருவியால் அதனைச் சேமிக்க இயலாது.

பின்னல் கோலாட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. மேலிருந்து தொங்கும் கயிறுகள் ஆட்டத்தின் போக்கில் பின்னப்படுகின்றன. அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடினால் பின்னல் அவிழும். யாரேனும் வழிதவறினால் பின்னலில் அது தெரியும். நினைவாற்றல் உடைய ஒரு காட்சிப்பலகையைக் கயிற்றால் செய்துவைத்தவர்களை வடிவமைப்பாளர் என்னாமல் வேறென்னென்பது?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்ட நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தாமான்களில் குடியேறியோரின் பிள்ளைகள் கோலாட்டத்தைப் பள்ளி மேடையில்தான் கற்கின்றனர். அங்கு ஆடுவோர் அவையை நோக்கி நிற்கின்றனர். ஒலிப்பதிவுப் பாடல் வேகத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றது. பிந்தும் தோழிக்காகக் காத்திருக்க அதில் இடமில்லை. ஆசிரியர்களைக் குறைகூறேன்; அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடமும் ஒரு நடுவர் குழுவும்.

அண்மையில் மாணவர் ஒருவர் ஒரு வரைவைக் கொண்டுவந்தார். கைப்பேசியின் அசைவுணரியே கோல். திரையிலுள்ள உருவமே இணை. இணை பிந்தினால் என்னாகும் என்றேன். “அது பிந்தவே பிந்தாது, டாக்டர்” என்றார் பெருமையுடன். உடற்பயிற்சிக்கு அது போதும். கோலாட்டத்திற்கு அதுவே குறை. இருவரை வெவ்வேறு ஊர்களில் நிறுத்தி இணையத்தால் இணைப்பது அடுத்து எழும் எண்ணம். பால் செர்மன் 1992இல் ‘டெலிமேட்டிக் டிரீமிங்’ படைப்பில் தொலைவிலுள்ள இருவரை ஒரு படுக்கையில் பிம்பமாகச் சேர்த்தார். மெல்லிய அசைவுக்கு அது பொருந்தியது. கோலடிக்கோ இணையத்தின் சிறு தாமதமும் பகை. பிந்தியது தோழியா கம்பியா என்று ஆடுபவர் அறியார்.

எனவே இருவரும் ஒரே கூடத்தில், மரக்கோல்களோடு, எதிரெதிரே இருத்தல் வேண்டும். பொறிக்குரிய பணி கேட்பது மட்டுமே. ஒலிவாங்கி கோலோசையைக் கேட்கட்டும். ஒவ்வொரு சந்திப்பும் தரையில் ஓர் ஒளியிழையாக விழட்டும். தவறிய அடி முடிச்சாகத் தெரியட்டும். திருப்பி ஆடினால் அவிழட்டும். மதிப்பெண் வேண்டா. திரையும் வேண்டா, கண் எதிரிலுள்ளவரைவிட்டு அகலும்.

இன்னும் ஒன்று. தோட்டத்தில் ஆடிய பெண்களுள் இன்று தாமானில் இருப்போர் பலர் மூட்டுவலியால் நெடுநேரம் நிற்க இயலாதவர்கள். ஆதலின் வரைபடத்தில் முதலில் இடம்பெற வேண்டியவை, கோல் எட்டும் தொலைவில் எதிரெதிரே இடப்பட்ட இரண்டு நாற்காலிகள். ஒன்று சற்றுத் தாழ்வாக இருக்கலாம், பேரப்பிள்ளைக்கு.