காட்டுச் சேவலின் கழுத்திறகு

தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சியாகவோ குஞ்சு மீனாகவோ காட்டுவது ‘ஃப்ளை’. சால்மனுக்கான பழைய ஐரோப்பிய ஃப்ளைகள் பலவற்றில், தலையோரம் மெழுகுத் துளி விழுந்தாற்போல ஒரு மஞ்சள் கண் மின்னும். அது நம் சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்திறகு! புதுச்சேரியில் வாழ்ந்த இயற்கையாளர் பியர் சொன்னராவின் பெயரால்தான் அறிவியலில் அந்தப் பறவை அறியப்படுகிறது. அவருடைய இந்தியப் பயண நூல் 1782இல் வெளியானது. காட்டுப் பறவை இறகு ஏற்றுமதிக்கு 1902இல் தடை வந்தது. வந்தவரை நல்லது.

புதுச்சேரியின் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு ஃப்ளை கட்ட, வீட்டுக் கோழியின் வெள்ளை இறகே தாராளம். சூட்சுமம் கட்டுகிற விரலில் இருக்கிறது. வெறும் முள்தண்டு வழுக்கும். முதலில் நூலை நெருக்கிச் சுற்றித் தளம் போட வேண்டும். பிறகு இடச்சிறகு ஒன்று, வலச்சிறகு ஒன்று, வளைவுகள் உள்நோக்கி ஒட்டும்படி. அடித்தூவியை உரித்து, காம்பை நகத்தால் நசுக்கித் தட்டையாக்கினால் புரளாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறகைக் கவ்வியிருக்க, முதல் சுற்றைத் தளர்வாகப் போட்டு நேர்மேலே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் இறகு நூலோடு உருண்டுவிடும். முள்ளின் காதருகே சிறிது இடம் விடுங்கள்; பலரும் அங்கேதான் நூலை அடைத்துவிடுகிறார்கள். முடிச்சின் மேல் நகப்பூச்சு ஒரு துளி.

காய்ந்ததும் வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். சுழன்றால் இறகு கோணல். தயங்காமல் பிரித்துக் கட்டுங்கள்.