கேட்டு இழுக்கும் கை

ஒரு டர்னரின் தரம் மரை போடும்போது தெரிந்துவிடும். ஃபேசிங்கும் ஸ்டெப் டர்னிங்கும் கொஞ்ச நாளில் எந்தக் கைக்கும் பழகும். பளபளக்கும் ஃபினிஷைக்கூட நல்ல கார்பைட் டிப்பும் சரியான ஃபீடும் பாதி பார்த்துக்கொள்ளும். மரை அப்படி விடாது. அதிலும் தோளை ஒட்டி முடியும் மெட்ரிக் மரையை, இஞ்ச் லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத்தில் போடுவதுதான் என் கணக்கில் மெஷின் ஷாப்பின் உச்ச வேலை.

கோவை கணபதிப் பக்கம் நான் வேலை பார்த்த ஷாப்பில் மூத்த டர்னர் ஒருவர் இருந்தார். 127 பல் கியரைத் துணியால் துடைத்து அவர் மாட்டுவதையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஓர் இஞ்ச் 25.4 மி.மீ.; ஐந்து இஞ்ச் 127 மி.மீ. அது பகா எண். வேறு எந்தக் கியர்களைக் கோத்தாலும் விகிதம் கிட்டே வரும், சரியாக உட்காராது. அந்தக் கியரை மாட்டியபின் மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு பாஸுக்கும் டூலை வெளியே இழுத்து, ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்ப வேண்டும்.

அந்த இழுப்புக்காகத்தான் அவரை ரசித்தேன். 2.5 பிட்ச், நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் டூல் நொடிக்கு 2.5 மி.மீ. நகரும். மரை முடியும் இடத்தில் தோளை ஒட்டி வெட்டிவிட்ட பள்ளம் 4 மி.மீ. அகலம், டூலின் அகலம் போக ஒரு நொடி மிஞ்சினால் பெரிது. அதற்குள் வலது கை கிராஸ் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க, இடது கை லீவரை மாற்ற வேண்டும். சக் தன் கனத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றும். அதற்கும் இடம் விட வேண்டும். பலர் பயந்து முன்கூட்டியே இழுப்பார்கள்; கடைசி மரை பாஸுக்குப் பாஸ் வேறு இடத்தில் முடிந்து கலைந்து கிடக்கும். இவர் இழுத்த இடம் முதல் பாஸிலும் கடைசிப் பாஸிலும் ஒன்றே. தலையைச் சற்றுச் சாய்த்திருப்பார். டூல் பள்ளத்தில் இறங்கியதும் அறுக்கும் சத்தம் நின்று மெஷின் ஓசை மட்டும் மிஞ்சும். அதில் கை போகும். “பாத்து இழுத்தா லேட்டுங்க தம்பி, கேட்டு இழுக்கோணும்” என்பார்.

டூலும் அவர் தீட்டியதுதான். மிராண்டா எச்.எஸ்.எஸ். பிட்டைச் சென்டர் கேஜில் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்றும் தெரியாது. மெட்ரிக்குக்கு 60 டிகிரி. பம்பு வேலைக்கு வரும் பைப் மரைக்கு, விட்வொர்த் 1841இல் வகுத்த அதே 55. காம்பவுண்டைச் சாய்த்து ஒரு விளிம்பால் மட்டும் அறுப்பார். சுருள் ஒரு பக்கமாகக் கழன்று வரும், மரையின் பக்கச் சரிவு கிழியாது.

கிரைண்டிங் ஆட்கள் மைக்ரான் கணக்குச் சொல்வார்கள். அந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் ஸ்பார்க் அவுட் ஆகும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. சி.என்.சி.யில் ஜி76 போட்டால் ஆயிரமாவது மரையும் முதல் மரைபோல வரும் என்பதும் உண்மை. உற்பத்திக்கு அதுதான் சரி.

என் வருத்தம் ஆள் பழக்கும் முறைமேல். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் டர்னர் படித்து வருபவரையும் லோடிங், சைக்கிள் ஸ்டார்ட் என்று நிறுத்திவிடுகிறார்கள். மரையைச் சோதிக்கும் கோ கேஜ் இறுகினால் பலம்போட்டுத் திருகி ஏற்றுகிறார்கள். மரை கிழிந்திருந்தால் எமரி பேப்பர் போட்டு மினுக்கி அனுப்புகிறார்கள். அந்த மூத்தவரின் ஜாபில் கோ கேஜை விரலால் தள்ளிவிட்டாலே சுற்றிக்கொண்டு போய்த் தோளில் நிற்கும். நோ-கோ இரண்டு சுற்றுக்குள் பிடித்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் சி.என்.சி.க்குப் போகுமுன் பழைய லேத்தில் மரை போட்டுக் கேஜ் ஏற்றிக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. நேர விரயம் என்பார்கள். அறுக்கும் சத்தம் காதில் ஏறிய ஆப்பரேட்டர், கதவு மூடிய மெஷின் முன் நின்றாலும், இன்சர்ட் முனை உடைந்ததை அந்த ஜாபிலேயே பிடித்துவிடுவார். மற்றவருக்கு அது தெரிய ஒரு டிரே முழுக்க ரிஜெக்ஷன் ஆக வேண்டியிருக்கிறது.